கடலுக்கும் ஓய்வுண்டு

நமது பங்கில் பிறந்து வளர்ந்து, இன்று செருமனி நாட்டில் பொறியாளராகப் பணியாற்றும் இளைஞர் ஒருவர், சென்ற ஆண்டு நமக்கு ஒரு நீண்ட மடல் வரைந்திருந்தார். மனைவி மக்களுடன் கிரேக்க நாட்டின் சிறு தீவொன்றுக்குச் சென்று பத்து நாட்கள் தங்கினாராம். ஆரவாரமில்லாத தீவு. காலையில் கடற்கரை; மாலையில் குன்றுகளின் நடுவே நடை; இரவில் ஊரார் சமைக்கும் மீனும் ரொட்டியும் ஒலிவ எண்ணெயும். "சாமி, அங்கே யாருக்கும் அவசரமே இல்லை. நீங்களும் ஒருமுறை இப்படி எங்காவது சென்று ஓய்வெடுக்க வேண்டும்" என்று மடலை முடித்திருந்தார்.

படித்துவிட்டு நாம் புன்னகை செய்தோம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பங்கும் ஐந்து கிளைக் கோயில்களும் நமது பொறுப்பில் உள்ளன. திருமணம், அடக்கம், பள்ளிக்கூடக் கணக்கு, வரப்புச் சண்டை என்று ஒவ்வொரு நாளும் ஏதேனும் ஒன்று வாசலில் வந்து நிற்கும். குருப்பட்டம் பெற்ற இருபத்தேழு ஆண்டுகளில் நாம் விடுமுறை என்று எங்கும் சென்றதில்லை. மெழுகுவர்த்தி உருகுவதற்காகவே ஏற்றப்படுகிறது என்று குருமடத்தில் கேட்ட உரை நமது உள்ளத்தில் பதிந்திருந்தது. ஓய்வு வேண்டாமை ஒரு புண்ணியம் என்றே எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தில் சிறிது பெருமையும் கலந்திருந்தது என்பதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் அம்மடலில் இருந்த கிரேக்கத் தீவு என்னும் சொல் நம்மை விடவில்லை. புனித யோவான் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்த பத்மு தீவு, ஏஜியன் கடலிலுள்ள கிரேக்கத் தீவுகளுள் ஒன்றுதானே! அவர் காட்சி கண்டதாகச் சொல்லப்படும் குகையையும், 1088-ஆம் ஆண்டு அங்கே நிறுவப்பட்ட துறவு மடத்தையும் காணப் பயணிகள் இன்றும் செல்கின்றனர். அந்தத் தீவில் அவர் காட்சி கண்டது எந்த நாளில் என்பதைத் திருவெளிப்பாட்டு நூலின் முதல் அதிகாரமே குறித்து வைத்திருக்கிறது: ஆண்டவருடைய நாளில். ஓய்வு நாளன்று, வேலை ஏதுமின்றிக் கடலின் நடுவே ஒதுக்கப்பட்ட ஒரு முதியவருக்கே விண்ணகத்தின் வாயில் திறந்தது. இதைப் பலமுறை வாசித்திருந்தும் நாம் கவனித்ததில்லை.

கவனிக்கும்படி செய்தவர் ஒரு மருத்துவர். இவ்வாண்டு பாஸ்கு விழா முடிந்த வாரத்தில், காலைத் திருப்பலியின்போது தலை சுற்றிப் பீடத்தின் முன்னே சாய்ந்துவிட்டோம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறியிருந்தன. "பத்து நாள் ஊரைவிட்டுப் போங்கள், சாமி. இங்கே இருந்தால் நீங்கள் ஓய்வெடுக்கமாட்டீர்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள்" என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறினார். நம்மோடு குருமடத்தில் ஒரே வகுப்பில் பயின்ற நண்பர், இராமேசுவரம் அமைந்துள்ள பாம்பன் தீவில் ஒரு மீனவச் சிற்றூரின் பங்குத்தந்தையாக இருக்கிறார். கிரேக்கத்துக்குப் போவானேன், நமக்கும் அருகில் ஒரு தீவு உண்டே என்று அங்கே செல்ல முடிவு செய்தோம்.

துணைக்கு யாரை அழைப்பது? பங்குப் பேரவையினர் நமது கோயிற்பிள்ளையைக் குறிப்பிட்டனர். அவருக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தெட்டு ஆண்டுகளாக நமது ஆலயத்தில் மணி அடிப்பவர், பீடம் அலங்கரிப்பவர், விளக்கேற்றுபவர் எல்லாம் அவரே. நம் பையைத் தூக்கவும் வேளைக்கு மாத்திரை எடுத்துத் தரவும் ஓர் ஆள் வேண்டும் என்ற எண்ணத்திலேயே நாமும் இசைந்தோம். அவரும் ஓய்வெடுக்கட்டும் என்ற எண்ணம் அப்போது நம் மனத்தில் எழவே இல்லை.

மே மாதத் தொடக்கத்தில் ஒருநாள் தேனியில் இரயில் ஏறினோம். அகலப்பாதைக்கு மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்ட போடி இரயில், 2022-இல் தேனி வரையிலும் 2023-இல் போடி வரையிலும் மீண்டும் வந்தது. பெரியவருக்குப் பழைய மீட்டர்பாதை வண்டியே நினைவிலிருந்தது. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடக்கும் வரையில் திரும்பித் திரும்பி மலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மதுரையில் வண்டி மாறி, மானாமதுரை, பரமக்குடி என்று வைகைக் கரை ஊர்களைக் கடந்து சென்றோம். கோடையில் ஆறு மணலாகக் கிடந்தது.

"இது நம்ம ஆறுதானே, சாமி? நம்ம தண்ணி எதுவரைக்கும் போகுது?" என்று கேட்டார்.

அவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தண்ணீரின் வழியை அறியும் ஆவல் அவருக்கு இயல்பு. நாம் அறிந்தவரையில் விளக்கினோம். மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலக்க வேண்டிய பெரியாற்று நீரைத் தேக்க, ஆங்கிலப் பொறியாளர் பென்னிகுவிக் மேற்பார்வையில் 1895-இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக அந்நீர் கிழக்கே திரும்பி, நமது பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து, வைகையில் சேர்ந்து, 1959 முதல் வைகை அணையில் தேங்கி, மதுரையைக் கடந்து வருகிறது. அதன் பின்னும் மிஞ்சுவது இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. கண்மாய் நிரம்பி வழிந்தால்தான் ஆற்றங்கரை என்னும் ஊரின் அருகே கடலைத் தொடும்.

பெரியவர் சிறிது நேரம் சன்னலுக்கு வெளியே நோக்கியிருந்தார். பிறகு, "பாவம், சாமி. ஊருக்கெல்லாம் உழைச்சுப்புட்டு, கடலைப் பார்க்காமலே முடிஞ்சுபோகுது" என்றார். ஆற்றைத்தான் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டோம்.

மாலையில் வண்டி மெல்ல ஊர்ந்து பாம்பன் பாலத்தின்மேல் ஏறியது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலம் அது. அருகிலேயே 1914 முதல் நூற்றாண்டுக்கு மேல் சுமை தாங்கிய பழைய பாலம் 2022-இல் பணி ஓய்வு பெற்று நின்றது. இருபுறமும் நீலம். பெரியவர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். "இம்புட்டுத் தண்ணியா!" என்ற ஒரு சொல்லுக்குப் பின் அவர் வாய் திறக்கவில்லை. எழுபத்தொரு வயதில் அவர் கடலைக் காண்பது அதுவே முதல்முறை.

நண்பரின் ஊர் கடலை நோக்கிய ஒரு சிறு கோயில், அதைச் சுற்றி நூறு நூற்றைம்பது வீடுகள், வீடுகளுக்குப் பின்னே பனைமரங்கள், எங்கும் மணல் என்று அமைந்தது. இராமேசுவரத்தின் கூட்டம் அங்கே எட்டவில்லை. முதல்நாள் விடியற்காலை நான்கரை மணிக்கே பெரியவர் எழுந்து மணிக்கயிற்றைத் தேடிச் சென்றுவிட்டார். அவ்வூர்க் கோயிற்பிள்ளை அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, "நீங்க விருந்தாளி, உட்காருங்க" என்று கடைசி இருக்கையில் அமர்த்தினார். திருப்பலி முழுவதும் தம் இரு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தவித்ததைப் பீடத்திலிருந்தே கண்டோம். வெளியே வந்ததும், "சாமி, முப்பத்தெட்டு வருசத்திலே இன்னைக்குத்தான் பூசையை உட்கார்ந்து முழுசாப் பார்த்தேன்" என்றார். நாம் அதைக் கேட்டுச் சிரித்தோம். சிரிப்பதற்குரிய செய்தி அதுவன்று என்பது பின்னரே விளங்கிற்று.

அன்று முதல் இருவரும் காலையும் மாலையும் நடந்தோம். இத்தீவின் வடபுறத்தில் பாக் நீரிணை, தென்புறத்தில் மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், சீறும் தென்கடலை ஆண்கடல் என்றும் மக்கள் அழைக்கின்றனர். மே மாதத்தில் தென்கடல் பொங்கத் தொடங்கும்போது வடகடல் குளம்போல் கிடக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் நிலைமை மாறிவிடும். ஒரு கடல் உழைக்கும்போது மறு கடல் இளைப்பாறுகிறது என்று நமக்குத் தோன்றியது. தங்கச்சிமடத்துக்கு அருகே வில்லூண்டி என்னும் இடத்தில், கடலுக்குள்ளேயே ஒரு கிணறு இருக்கிறது. உப்புநீர் சூழ்ந்த அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. பெரியவர் அதை ஒரு வாய் குடித்துவிட்டு, "சுருளித் தண்ணிக்கு இது ஈடாகாது" என்று நமது ஊரின் மானத்தைக் காத்தார்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையடிவாரத்து மக்களாகிய நமக்குக் கடலென்பது வாரச் சந்தையில் வரும் கருவாடுதானே! அங்கே நாட்டுப்படகுகள் கரை சேர்ந்த சற்று நேரத்தில் மீன் அடுப்பில் ஏறியது. ஒருநாள் முரல் வறுவல், ஒருநாள் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி, ஒருநாள் நண்டு, ஒருநாள் கணவாய். வெயில் ஏறிய வேளையில் நுங்கு. மருத்துவர் விதித்த அளவை மீறாமல் உண்டோம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. முதல்நாள் பெரியவர் இலையிலிருந்த நெத்திலியை வெகுநேரம் உற்றுப் பார்த்து, "இவங்களைக் காய்ஞ்சு போன பின்னாலேதான், சாமி, நமக்குப் பழக்கம்" என்றாரே, சமைத்த அம்மாள் சிரித்த சிரிப்பில் அடுப்படியே அதிர்ந்தது. அவர்களுக்கென்று நாம் கொண்டு சென்றிருந்த பன்னீர்த் திராட்சைக் கூடை அரைமணி நேரத்தில் காலியாயிற்று.

அந்தத் திராட்சையால் ஓர் உரையாடல் எழுந்தது. 1832-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டுக் குரு ஒருவரே இந்த வகைத் திராட்சையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பர். 2023-ஆம் ஆண்டு கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு ஊர்களில் பருவத்துக்கு மட்டும் பழுக்கும் கொடி, நமது பள்ளத்தாக்கின் மண்ணிலும் தட்பவெப்பத்திலும் ஆண்டு முழுவதும் பலன் தருகிறது. கவாத்து செய்யச் செய்யத் துளிர்க்கும். ஒரு பந்தலில் பூவிருக்கும்போதே அடுத்த பந்தலில் பழம் தொங்கும். இதை நாம் பெருமையாகச் சொல்ல, அவ்வூர் மீனவ அன்பர் ஒருவர், "அப்படியானால் உங்க கொடிக்கு ஓய்வே கிடையாதா, சாமி? எங்க கடலுக்குக்கூட அறுபத்தொரு நாள் உண்டே" என்று வியந்தார்.

அவர் குறிப்பிட்டது மீன்பிடித் தடைக்காலத்தை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் பொருட்டு, 2001-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வது ஆண்டுதோறும் சிறிது காலம் தடை செய்யப்படுகிறது. முதலில் 45 நாட்களாக இருந்தது, 2017 முதல் 61 நாட்களாயிற்று. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகள் நங்கூரமிட்டு நிற்கும்; நாட்டுப்படகுகள் மட்டுமே செல்லும். நாம் சென்றிருந்தது அந்தக் காலம். ஆண்கள் கரையில் அமர்ந்து வலைகளைச் செப்பனிட்டுக்கொண்டும், படகுகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டும் இருந்தனர். அந்த அமைதியைக் கண்டு மகிழ்ந்து, "கடலுக்கும் ஓய்வுநாள் வகுத்திருக்கிறார்களே, எவ்வளவு நல்ல ஏற்பாடு!" என்று அருகில் நின்ற ஒரு மீனவத் தாயிடம் கூறினோம்.

அவர் தலைச்சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டே பதிலளித்தார்: "கடலுக்கு லீவு சரி, சாமி. வயித்துக்கு லீவு உண்டா?"

தடைக்காலத்தில் அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. ஆனால் அது குடும்பச் செலவுக்கு எட்டாதபோது, பெண்கள்தாம் ஈடுகட்டுகின்றனர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறைகளில் மூழ்கிக் கடற்பாசி எடுத்து விற்கும் பெண்கள் இத்தீவில் பலர். அந்தத் தாயின் கைகளைப் பார்த்தோம். உப்பும் பாறையும் கீறிய வடுக்கள். ஓய்வு இனியது என்று உபதேசிப்பது எளிது. ஒருவருடைய ஓய்வின் விலையை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அந்தத் தாய் ஒரே கேள்வியில் உணர்த்திவிட்டார். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஞாயிறு மாலை இருவரும் பேருந்தேறித் தனுஷ்கோடிக்குச் சென்றோம். 1914 முதல் அரை நூற்றாண்டுக் காலம், சென்னையிலிருந்து இரயிலில் வந்த பயணிகள் இங்கே கப்பலேறி, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தலைமன்னாரில் இறங்கி இலங்கை சென்றார்கள். 1964-ஆம் ஆண்டு திசம்பர் 22-ஆம் நாள் இரவு அடித்த புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணி வண்டி, உள்ளே இருந்த மக்களோடு கடலில் மூழ்கியது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்றே நாட்கள் இருந்தன. அலங்கரிக்கப்படவிருந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்று கூரையின்றி வானத்தைப் பார்த்து நிற்கின்றன. புதிய வானமும் புதிய பூமியும் வரும்போது கடல் இராது என்று பத்மு தீவின் முதியவர் ஏன் எழுதினார் என்பது, அந்தச் சுவர்களின் நடுவே நிற்பவருக்குச் சற்றே புரியும்.

அதே மண்ணில்தான் இன்னொன்றையும் கண்டோம். அங்கே இன்றும் குடிசை போட்டு வாழும் மீனவர், கடலுக்கு மிக அருகில் மணலைக் கையால் தோண்டுகின்றனர்; சில அடி ஆழத்தில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழை தந்த நீரை மணல் அமைதியாகத் தன்னுள் வைத்திருக்கிறது. ஓர் அம்மாள் சிரட்டையில் மொண்டு கொடுத்தார். பெரியவர் வாங்கிக் குடித்தார். இம்முறை சுருளியை அவர் நினைவுகூரவில்லை.

அரிச்சல்முனைக்குச் சிறிது முன்பாக இறங்கி மணலில் நடந்தோம். ஒருபுறம் பெண்கடல், மறுபுறம் ஆண்கடல். வெயில் தணிந்திருந்தது. பெரியவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அலையின் ஓரமாக நின்றார். வெகுநேரம் பேசவில்லை. பின்னர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்:

"அவளும் இதை ஒரு தடவை பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா, சாமி."

மனைவியைக் குறிப்பிடுகிறார் என்பது புரிந்தது. அந்த அம்மாள் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நாமே அடக்கத் திருப்பலி நிறைவேற்றினோம்.

"வேளாங்கண்ணிக்கு வருசாவருசம் நம்ம பங்கு பஸ் போகும்லே. சேர்ந்து போயிட்டு வருவோம், கடலையும் பார்ப்போம்னு கேட்பா. கோயிலை யாரு பார்க்கிறது, அடுத்த வருசம் போகலாம்னு சொல்வேன். என்னைய விட்டுட்டுப் போகவும் அவளுக்கு மனசு வரலை. அப்படியே போயிருச்சு."

அவர் குரலில் குறை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஆயினும் நமது நெஞ்சில் அது கல்போல் விழுந்தது. ஏனெனில், கோயிலை யார் பார்ப்பது என்ற கேள்வி அவருடையதன்று, நம்முடையது. அந்தப் பங்குக்கு நாம் வந்த இந்த எட்டு ஆண்டுகளில், முதல் இரண்டு ஆண்டுகளும் அந்த அம்மாள் உயிரோடு இருந்தார். இருமுறையும் பேருந்து புறப்படும் நேரத்தில் அவரை அழைத்து, "பெரியவரே, உங்களைவிட நம்பிக்கையான ஆள் யார்? மூவேளை மணி தவறக்கூடாது" என்று சாவியை அவர் கையில் கொடுத்தவர்கள் நாமே. அதற்கு முன்பும் அப்படியே நடந்திருக்கும். சென்ற திருவிழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, "முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்" என்று மேடையில் புகழ்ந்தோம். மக்கள் கைதட்டினர். அவரும் தலை குனிந்து நின்றார். நாம் புகழ்ந்தது எதை என்பது தனுஷ்கோடி மணலில்தான் தெரிந்தது.

என்ன சொல்வதென்று அறியாமல், "நம்மை மன்னித்துவிடுங்கள், பெரியவரே" என்றோம்.

அவர் திடுக்கிட்டு, "ஐயோ, சாமி! என்ன வார்த்தை இது? கோயில் வேலைதானே" என்று நமது கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இருவரும் அங்கேயே அமர்ந்து, அந்த அம்மாளின் ஆன்மா இளைப்பாறும்படி செபமாலை சொன்னோம். இறந்தவர்களுக்காகத் திருச்சபை கேட்கும் முதல் வரமே இளைப்பாற்றிதானே. இருக்கும்போது அதை நாம் ஒருவருக்கொருவர் கொடுக்கத் தவறிவிடுகிறோம்.

அன்பார்ந்த வாசகர்களே! ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையை நாம் எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். ஞாயிறு பூசைக்கு வரவேண்டும் என்பதற்கே அதைப் பயன்படுத்தினோம். இணைச்சட்ட நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் அக்கட்டளை யாரை நோக்கி நீள்கிறது என்பதைத் தீவிலிருந்து திரும்பிய பின்னர் மீண்டும் வாசித்தோம். மகன், மகள், வேலைக்காரர், வேலைக்காரி, மாடு, கழுதை, வீட்டுக்கு வந்த அந்நியர் எல்லாரும் அங்கே எண்ணப்படுகின்றனர். உன்னைப் போலவே உன் பணியாளரும் இளைப்பாற வேண்டும் என்பதே அதன் காரணம். லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரமோ, ஏழாம் ஆண்டில் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யாமல் நிலத்தையும் இளைப்பாற விடச் சொல்கிறது. ஆகவே, ஓய்வு என்பது நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் சலுகையன்று. நமது கைக்குக் கீழே இருப்பவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன். தாம் ஓய்வெடுக்காதவர், தம்மைச் சுற்றியிருப்பவர்களையும் ஓய்வெடுக்க விடுவதில்லை. தன்னலமற்ற உழைப்பு என்று நாம் எண்ணியிருந்ததற்கு அந்த ஏழை அம்மாளும் விலை கொடுத்திருக்கிறார்.

நமது பள்ளத்தாக்கில் இக்கடன் நிறைய நிலுவையில் கிடக்கிறது. விடியுமுன்னே சீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டும் குமுளியும் கடந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் மாலையில் திரும்பி வந்து அடுப்பை மூட்டுகின்றனர். திராட்சைப் பந்தலின் கீழே நாள் முழுவதும் தலைக்குமேல் கையை உயர்த்திக் குலை வெட்டுபவர்கள் இருக்கின்றனர். ஞாயிறன்று எல்லாரும் கோயிலுக்குப் போய்வந்து இளைப்பாற, அன்றுதான் கறிச்சோறு என்று இருமடங்கு வேலை செய்யும் அம்மா நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். அவர்களுக்குத் தடைக்காலம் யார் அறிவிப்பது? அவ்வாறு அறிவிக்கும்போது, அந்த மீனவத் தாய் கேட்டதை மறக்காமல், அன்றைய சோற்றுக்கும் யார் வழி செய்வது? கூலி கொடுப்பவர்கள் கூலியோடு ஒரு நாள் விடுப்பும் கொடுக்க வேண்டும். வீட்டிலுள்ள ஆண்மக்கள் ஒரு வேளையாவது அடுப்படியைத் தம் பொறுப்பில் ஏற்க வேண்டும். பசியோடு கூடிய ஓய்வு ஓய்வாகாது.

குடும்பமாக ஒருநாள் வெளியே செல்வதையும் வீண்செலவு என்று எண்ணிவிடாதீர்கள். கிரேக்கத் தீவு வேண்டாம். பாம்பன் கூட வேண்டாம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சுருளி அருவிக்கோ வைகை அணைப் பூங்காவுக்கோ சென்று, ஒரு மரத்தடியில் அமர்ந்து, யாரும் யாருக்கும் பரிமாறாமல் எல்லாரும் சேர்ந்து எடுத்து உண்டுவிட்டு வாருங்கள். "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் இருந்தால், அவர்களிடம் நமது கோயிற்பிள்ளையின் கதையைச் சொல்லுங்கள்.

பத்து நாட்கள் முடிந்து திரும்பினோம். நண்பரும் ஊராரும் நிலையத்துக்கு வந்து வழியனுப்பினர். பெரியவர் ஒரு சிறு புட்டியில் கடல்நீர் எடுத்து வந்தார். அதை என்ன செய்தார் என்று நாம் கேட்கவில்லை. ஊர் வந்த மறுநாள், கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவையின் அடியில் மட்டும் மண் ஈரமாக இருந்ததைக் கண்டோம்.

பங்குப் பேரவையைக் கூட்டி, இனித் திங்கட்கிழமைதோறும் கோயிற்பிள்ளைக்கு ஊதியத்துடன் விடுப்பு என்று முடிவு செய்தோம். வருகிற ஆண்டு வேளாங்கண்ணிப் பேருந்தில் முதல் இருக்கை அவருக்கு. சாவி இளைஞர் குழுவினரிடம் இருக்கும். முதல் திங்கட்கிழமை விடியற்காலையில் மணியை நாமே அடித்தோம். கயிற்றைப் பிடித்துப் பழக்கமில்லாததால் தாளம் பிசகியது. ஐந்து நிமிடம் தாமதமும் ஆயிற்று. திருப்பலிக்கு வந்த பாட்டிமார் முகத்தைச் சுளித்தனர்.

பெரியவரும் வந்திருந்தார், கடைசி இருக்கையில். பூசை முடிந்ததும் நம்மிடம் வந்து, "மணி அடிக்கிறப்போ கயிறை அப்படி இழுக்கக்கூடாது, சாமி. விட்டு விட்டு இழுக்கணும். விடுற நேரத்திலேதான் மணி பேசும்" என்றார்.